மாடு விடாத மூன்று பங்கு

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பெரியவளே, உன் காலேஜில் பாடம் நடத்தினார்கள் என்று சொன்னாய். மாட்டை ஒரே இடத்தில் விடாமல் மாற்றி மாற்றி மேய்த்தால் புல்லின் வேர் ஆழமாக இறங்குமாம், காற்றில் இருக்கிற கரி அந்த வேர் வழியாக மண்ணுக்குள் போய்த் தங்குமாம். உனக்குத் தெரியுமாப்பா என்று கேட்டாய். சின்னவன் சிரித்தான். "மாடு போஸ்டர்தானே தின்னுது, அது எங்க மேயுது" என்றான். அவன் மேல் தப்பில்லை. அவன் பார்த்த மாடெல்லாம் பஸ் ஸ்டாப் சுவரில் பசை நக்கிக்கொண்டு நின்ற மாடுதான்.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நீ சொன்ன அந்த மண்ணை நான் கையில் அள்ளிப் பார்த்திருக்கிறேன். உங்கள் அத்தை அதை உண்டாக்கினாள். அது எங்கே போனது என்று வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன், தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனிலிருந்து ஏரிப் பக்கம் திரும்பினால், நீங்கள் இரண்டு பேரும் டியூஷனுக்குப் போன குறுக்குத் தெருக்கள் வரும். அந்த மொத்த இடமும் அப்போது மேய்க்கால் புறம்போக்கு. ஊர் மாடு மேய்வதற்கென்று சர்க்கார் விட்டுவைத்த நிலம். யாருக்கும் பட்டா கிடையாது, எல்லா மாட்டுக்கும் உரிமை உண்டு. எண்பதுகளின் நடுவில் சுற்றி இருந்த வயலெல்லாம் பிளாட் கல் நட்டுவிட்டார்கள். முன்பு அறுப்பு முடிந்ததும் மாடுகள் வயலில் இறங்கித் தாளைக் கடிக்கும். கல் நட்ட பிறகு எந்த மாட்டுக்கும் வேறு போக்கிடம் இல்லை. வருஷம் முழுக்க எல்லா மாடும் இந்த ஒரே இடத்தில். ஒரு புல் தலை நீட்டினால் உடனே ஒரு வாய் வந்து கடித்துவிடும். கடைசியில் நெருஞ்சியும் எருக்கும்தான் மிச்சம். கோடையில் தரை சிமெண்ட் போட்டது மாதிரி இருக்கும். மழை பெய்தால் ஒரு சொட்டு உள்ளே இறங்காமல் செக்கச் செவேலென்று ஏரிக்கு ஓடும்.

உங்கள் மாமா மஞ்சள் காமாலையில் போனபோது அத்தையிடம் இருந்தது இரண்டு பசுவும் ஒரு கிடேரிக் கன்றும். மாமா வீட்டுக்காரர்கள் தங்களோடு வந்து இருக்கச் சொன்னார்கள். அப்படிப் போனால் காலம் பூரா அவர்கள் வீட்டுச் சமையற்கட்டுதான் என்று அவளுக்குத் தெரியும். "மாடு கீற வரைக்கும் நான் எவன் வூட்டு வாசல்லயும் போய் நிக்க வேணாம்" என்று என்னிடம் சொன்னாள். தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றிப் பிழைத்தாள். ஆனால் தரை மொட்டையாகிப்போன பிறகு பாலும் நீர்த்துப்போனது. குவார்ட்டர்ஸில் ஒரு டீச்சரம்மா, ஜெபம் செய்துவிட்டுத்தான் காப்பியே குடிப்பவர், சொம்பைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல பால் எவ்ளோ ஊத்தின?" என்று கேட்டிருக்கிறார். தண்ணீர் கலக்காதவளை அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்.

நான் அப்போது ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். கம்பெனிக்குப் பின்னால் பெரிய காலி இடம், சுற்றிலும் முள்கம்பி. கம்பிக்கு வெளியே ஊர் மாடு திரியும், தரை வழுக்கை. கம்பிக்கு உள்ளே, தனியாகத் தடுத்திருந்த தண்ணீர்த் தொட்டி மூலையில் எந்த மாடும் வாய் வைத்ததில்லை. அங்கே புல் நரைத்த தலைமுடி மாதிரி காய்ந்து நிற்கும், அடியில் பச்சையே இருக்காது. நடுவில் இருந்த இடம் வேறு மாதிரி. மழை முடிந்ததும் பாம்பு வரும் என்று மேனேஜர் பயப்படுவார். கேட்டைத் திறந்து மாடுகளை உள்ளே விடச் சொல்வார். அவை கும்பலாக வந்து தின்று, மிதித்து, சாணி போட்டுவிட்டுப் போகும். திரும்பக் கேட்டைப் பூட்டிவிடுவோம். அந்த இடத்தில்தான் புல் ஒவ்வொரு முறையும் முன்பைவிட அடர்த்தியாக வந்தது. இந்த மூன்றையும் டூட்டியில் தினமும் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். எனக்கு வேறு வேலை என்ன.

அத்தையிடம் சொன்னேன். மேய்க்காலை நாலு பங்காக முள் போட்டுத் தடுப்போம், எல்லோருடைய மாடும் ஒரு பங்கில் மட்டும் மேயட்டும், மற்ற மூன்றும் சும்மா கிடக்கட்டும், பிறகு மாற்றுவோம் என்று.

"மாட்டுக்குப் பசி உன் ஷிப்ட்டு பாத்துகினா வரும்?" என்றாள்.

"இப்ப மட்டும் வயிறு ரொம்புதாக்கா?"

மாடு வைத்திருந்த மற்ற வீட்டுக்காரர்களைச் சம்மதிக்க வைத்தது அவள்தான். எருமை வைத்திருந்த ஒருவர் மட்டும் டீக்கடையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா மச்சான், எருமைக்கு நைட் ஷிப்ட்டா, டே ஷிப்ட்டா?" என்பார். ஆனாலும் ஏரிக்கரையிலிருந்து சீமைக்கருவேல முள் வெட்டிக்கொண்டு வந்து போட்டவர்களில் அவர்தான் முதல் ஆள். பங்குக்குப் பங்கு வழி வைத்து மூங்கில் படல் கட்டினோம். கதவு மாதிரி தூக்கி ஓரமாக வைக்கலாம். கேலண்டர் எல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் படல் மாற்றுவது என்று பேசிக்கொண்டோம். அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

முதல் கோடைதான் பெரும்பாடு. மாடுகள் முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் பார்த்துக் கத்தும். ஒரு மத்தியானம் அத்தை வீட்டுக்கே வந்துவிட்டாள். உங்கள் அம்மா கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

"டேய், அந்தாண்ட புல்லு கணுக்கால் அளவு கீது. இந்தாண்ட என் மாடு மண்ண நக்கினு நிக்குது. உன் பேச்ச கேட்டதுக்கு எனக்கு நல்லா வேணும்."

"பௌர்ணமி வந்துடும்க்கா. கொஞ்சம் பொறு."

"அது வரைக்கும் நீ வந்து பால் குடு."

உங்கள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கும் வந்திருக்கும், அடக்கிக்கொண்டாள். ஆனால் படலைத் திறக்கவில்லை. ஏரிக்குள் இறங்கிக் கோரை அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டாள். எருமைக்காரர் ஒரு நாள் திறக்க வந்தபோது படலுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாளாம். "என் மாட்டுக்கே தொறக்கல, உன் எருமைக்குத் தொறக்கறேன், இரு" என்றாளாம். அவர் திரும்பிப் போய்விட்டார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு வித்தியாசம் தெரிந்தது. முதலில் அருகு, அப்புறம் எங்கிருந்தோ கொழுக்கட்டைப் புல். அடுத்த வருஷம் இன்னும் அடர்த்தி. எனக்குப் புல்லைவிடத் தரைதான் ஆச்சரியமாக இருந்தது. முன்பெல்லாம் மாடு கட்ட முளைக்குச்சி அடிப்பதற்கு அத்தை ஒரு கருங்கல்லைக் கூடவே தூக்கிக்கொண்டு போவாள். அடிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். சில வருஷம் போனதும் அந்தக் கல்லை எங்கேயோ போட்டுவிட்டாள். முளையைக் கையால் வைத்துக் காலால் ஒரு அழுத்து அழுத்தினால் இறங்கிவிடும். பிடுங்கும்போது அதன் நுனி கறுப்பாக, ஈரமாக வரும். அவள் அதைப் புடவையில் துடைத்துவிட்டு என்னிடம் காட்டுவாள். நான் அந்த மண்ணை அள்ளிப் பார்த்தேன். பிசைந்தால் உதிர்ந்தது, உள்ளே முடி முடியாக வேர். மழை பெய்தால் தண்ணீர் நின்று நிதானமாக இறங்கியது. அது கரி என்று எனக்குத் தெரியாது. சாணியும் வேரும் மக்கினால் கறுப்பாகும் என்ற அளவுக்குத்தான் தெரியும்.

குவார்ட்டர்ஸ் டீச்சரம்மா மறுபடி சொம்பைச் சாய்த்துப் பார்த்தாராம். "மாட்டுக்கு என்னம்மா போடற?" என்று கேட்டாராம். "ஒண்ணும் போடலம்மா, புல்லுக்கு லீவு குடுத்தோம்" என்று அத்தை சொல்லியிருக்கிறாள். பெரியவளே, நீ குடித்து வளர்ந்தது அந்தப் பால்தான்.

இப்போது சொல்லப்போவது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. நான் டூட்டியில் இருந்தேன். அத்தை சொல்லியும், ஏரிக்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எருமைக்காரர் சொல்லியும் தெரிந்துகொண்டதுதான்.

காலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. இடம் பார்க்க வந்த அதிகாரிகள். அன்றைக்கு எல்லா மாடும் ஏரி ஓரத்துப் பங்கில், கரை வளைவுக்குப் பின்னால் இருந்தன. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு வால்கூடத் தெரியாது. தெரிந்தது மூன்று பங்கும், முள்வேலியும், முழங்கால் உயரப் புல்லும். அத்தை படலைக் கட்டிக்கொண்டிருந்தாள். உங்களுக்கே தெரியும், நம் பக்கத்தில் புறம்போக்கில் முள் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"யாரும்மா வளைச்சுப் போட்டது இத?" என்று அவர்களில் பெரிய ஆபீசர் கேட்டார்.

"யாரும் வளைக்கல சார். ஊரு எடம். நாங்கதான் முள்ளு போட்டுகிறோம்."

"எதுக்கு?"

"புல்லுக்கு ரெஸ்ட்டு சார்."

கூட வந்தவர் சிரித்துவிட்டார். "புல்லுக்கு ரெஸ்ட்டாம் சார். நமக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்ல."

ஆபீசரும் சிரித்தார். அப்புறம், "அப்போ இதுல மாடு மேயறதில்லையா?" என்றார்.

அத்தைக்கு அந்த மூன்று பங்கின் மேல் அப்படி ஒரு பெருமை. வளைத்துப் போட்டதாகச் சொல்லிவிட்டார்களே என்ற பயம் வேறு. "இதுலயா? மாட்டு மூச்சுகூடப் படாது சார். நான் உடவே மாட்டேன். எப்பிடி நிக்குது பாருங்க" என்றாள்.

பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். வெயிலுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போனார்கள். சாயங்காலம் என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பெரிய ஆபீசருங்கடா. நம்ம புல்லப் பாத்து அசந்துட்டாங்க" என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் ரோட்டுப் பக்கத்துப் பங்கில் சுண்ணாம்பு அடித்த கல் நட்டிருந்தார்கள். ஊர்த் தலையாரி டீக்கடையில் விஷயத்தைச் சொன்னார். நான் இருந்தேன், எருமைக்காரர் இருந்தார், அத்தை பால் கேனோடு நின்றுகொண்டிருந்தாள்.

"மேய்ச்சல் இல்லாம சும்மா கெடக்கற எடம்னு முடிவாயிடுச்சிப்பா. வீட்டுமனை போடப் போறாங்க. மாடு உடறதே இல்லனு உங்கக்காவே சொல்லிச்சாமே."

டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"நான் நெஜத்ததானே சொன்னேன்" என்றாள் அத்தை.

எருமைக்காரர்தான் அவளுக்காகப் பேசினார். "உனக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா எப்பவோ பாலுல தண்ணி ஊத்தி மாடி வூடு கட்டியிருப்ப, தங்கச்சி. உடு." அவள் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தாள். அன்றைக்கும் பால் ஊற்றியாக வேண்டுமே.

போகாத ஆபீஸ் இல்லை. ஒரு ஆபீஸில் ஒருவர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கடைசியில், "மேய்ச்சல் எடத்துக்கு எதுக்குப்பா வேலி? மாடு நின்னா மேய்ச்சல். வேலி நின்னா ஆக்கிரமிப்பு. நடுவுல நீங்க சொல்றதுக்கு எங்ககிட்ட ஒரு பேர் இல்லையே" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாங்கள் ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால், அந்த ஜீப் வந்த அன்றைக்கு மொட்டைத் தரையில் எலும்பும் தோலுமாக ஊர் மாடு முழுக்க நின்றிருக்கும். யார் பார்த்தாலும் மேய்ச்சல் நிலம் என்று சொல்லியிருப்பார்கள்.

ரோட்டுப் பக்கத்துப் பங்கில்தான் முதலில் மெஷின் இறங்கியது. மேல்மண்ணை வழித்து லாரியில் ஏற்றினார்கள். எதற்கு என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "இந்தக் கறுப்பு மண்ணு கட்டடத்துக்கு ஆவாது சார். காலு வெச்சா பஞ்சு மாதிரி அமுங்குது. வழிச்சிட்டு கிராவல் அடிக்கணும்" என்றார். அவர் வேலைக்கு அவர் சொன்னது சரிதான். வேளச்சேரி ரோட்டோரப் பள்ளங்களில் அந்த மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். போகும் வழியெல்லாம் கட்டி கட்டியாகச் சிந்திக் கிடந்தது, வேரோடு. மழை பெய்ததும் அந்தக் குவியல்களில் புல் முளைத்தது. டூட்டிக்குப் போகும்போது சைக்கிளை நிறுத்திப் பார்ப்பேன். அடுத்த கோடைக்குள் புல் கருகியது, மண்ணும் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கறுப்பு எங்கே போனது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னபோதுதான் புரிந்தது. காற்றிலிருந்து வந்தது என்றாயே, வந்த வழியே போயிருக்கும். அதனால்தான் எழுந்துவிட்டேன்.

மூன்று பங்கும் போன பிறகு ஏரி ஓரத்துப் பங்கு ஒன்றுதான் கொஞ்ச காலம் இருந்தது. எல்லா மாடும் அதில். படல் மாற்ற இடம் இல்லை. பழைய மாதிரி நெருஞ்சி வந்தது. அத்தை திரும்பவும் ஒரு கருங்கல்லைத் தேடி எடுத்துக்கொண்டாள். முளை அடிக்கிற சத்தம் மறுபடி ரோடு வரைக்கும் கேட்டது.

எருமைக்காரர் முதலில் விற்றார். அப்புறம் ஒவ்வொரு வீடாக. அத்தை கடைசி. முதலில் ஒரு பசு, அடுத்து இன்னொன்று, கடைசியில் அந்தக் கிடேரி, அதற்குள் அது பசுவாகி நாலு ஈத்து ஈன்றுவிட்டது. வாங்க வந்தவர் சிறுசேரிக்காரர். அங்கே அப்போது கம்பெனி எதுவும் கிடையாது, வெறும் மேடும் புதரும். அத்தை அவரிடம், "மாத்தி மாத்தி மேய்ப்பியா?" என்று கேட்டாள். "இன்னாது?" என்றார் அவர். "ஒண்ணும் இல்ல, பத்தரமா பாத்துக்க" என்றாள். மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்பது நம் வழக்கம். அவர் புதுக் கயிறு கொண்டுவந்து மாற்றி ஓட்டிக்கொண்டு போனார். பழைய கயிறுகளை அத்தை வீட்டு ஆணியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊஞ்சல் கட்டக் கேட்டு சின்னவன் ஒரு முறை அவளிடம் திட்டு வாங்கினான்.

அதற்கப்புறம் அவள் பெருங்களத்தூரில் அபார்ட்மெண்டுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். நீங்கள் அறிந்த அத்தை அவள்தான், பஸ்ஸில் வந்து இறங்குகிற அத்தை. வருகிறபோதெல்லாம் உங்கள் அம்மா பாக்கெட் பாலை வெட்டினால் வாங்கி ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள். ஏன் அத்தை என்று நீங்கள் கேட்பீர்கள். "சும்மா" என்பாள். சாகிற வரைக்கும் அந்த ஜீப்பைப் பற்றி அவள் என்னிடம் இன்னொரு வார்த்தை பேசவில்லை.

ஊரின் கடைசி மாடாக அந்தக் கிடேரி போன பிறகு வந்த அமாவாசை அன்று, நைட் டூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பாமல் சைக்கிளை ஏரிப் பக்கம் விட்டேன். ஏரி ஓரத்துப் பங்குக்கும் அடுத்த பங்குக்கும் நடுவில் ஒரே ஒரு படல் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. முள்ளெல்லாம் விறகுக்குப் போய்விட்டது, இருபுறமும் திறந்த வெளி, நடுவில் படல் மட்டும். அதற்கு அப்பால் வழித்துப்போட்ட செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லும். முறைப்படி அன்றைக்கு அந்தப் பங்குக்குத்தான் மாற வேண்டும். கயிற்றை அவிழ்த்தேன். அத்தை போட்ட முடிச்சு, இறுகிப்போயிருந்தது. படலைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவைத்தேன். பிறகு மாடுகள் போவதற்கு வழி விட்டு, கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்றேன்.